மறு அறிவித்தல் வரை

வந்தாறுமூலையில் எனக்குத் தந்த அறை
பழைய இரசாயனக் களஞ்சியம்.
கதவில் மண்டையோடும் குறுக்கெலும்பும்
சுரண்டியும் போகாமல் ஒட்டியிருக்கின்றன.
அதன் கீழே என் பலகை:
பன்மைத்துவப் பிரிவு, பதில் இணைப்பாளர்.

பதில் என்றால் இன்னொருவர் இடத்தில் இருப்பது.
வருகிறவர்கள் மற்ற அர்த்தத்தில் வாசிக்கிறார்கள்.

மகாஓயாவிலிருந்து நிஸன்சலா.
சோதனை தள்ளிப்போன அறிவித்தல்
தமிழில் மட்டும் இருந்தது.
ஆளில்லா மண்டபத்தில் ஒரு மணி நேரம்
பேனையைத் திறந்துகொண்டு இருந்திருக்கிறாள்.
கொழும்புக் கந்தோர் ஒன்றில் என் தம்பி
புரியாத படிவத்துக்கு முன்னால்
இப்படித்தான் இருந்தான்.
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை. அந்தக் கணக்கு அவளுடையதல்ல.

ஏறாவூர் ஸுமையா:
"காதைக் காட்டச் சொன்னாங்க, காட்டினேன் மிஸ்.
அது பெரிசில்ல.
பின்வாங்கில இருந்து சிரிச்சாங்களே,
எல்லாரும் என்ட நோட்ஸ் வாங்கிப் படிச்சவங்க."

டெல்மா ஒக்கர்ஸ் படிவத்தோடு வந்தாள்.
இனம் என்ற இடத்தில் நான்கு கட்டம்.
கடைசிக் கட்டம் ஏனையோர்.
"எங்கட வீட்டில எட்டுப் பேர் மிஸ்.
ஏனையோர் எண்டு ஒருத்தரும் இல்ல."

பிரதாபன் வரவில்லை.
என் அறைக்கும் ஒரு படி இருக்கிறது.
நான்தான் போனேன், வாகை மரத்தடிக்கு.
விரிவுரை மண்டபத்துக்கு இரண்டு படி, ஓரடி உயரம்;
நாலு பேர் கதிரையோடு தூக்குகிறார்கள்.
"தூக்குறவங்க நல்லவங்க மிஸ்.
அதுதான் கஷ்டம்.
ஒரு நாளும் அவங்களோட கோவிக்க ஏலாது."

குழுவில் சொன்னார்கள், இது நேரமில்லை.
பெற்றோல் வரிசை செங்கலடிச் சந்தியைத் தாண்டிவிட்டது.
வினாத்தாள் அடிக்கக் கடதாசி இல்லை.
நிதி முடக்கம், மறு அறிவித்தல் வரை.
எதையும் மறுக்க முடியாது;
நானும் மகனின் சைக்கிளில்தான் வந்திருந்தேன்.
ஆனால் என் பதினெட்டு வருடச் சேவையில்
சரியான நேரம் ஒரேயொரு செவ்வாய்க்கிழமை வந்தது.
அன்று கோரம் காணாமல் கூட்டம் கலைந்தது.

வாகனத் தரிப்பிடம் கட்டி மிஞ்சிய சீமெந்து
விசாரித்தால் யாருடையதும் அல்ல.
சுலைமாலெப்பை மேசன் மட்டக்கோல் வைத்துப் பார்த்தார்.
ஓரடி ஏறப் பன்னிரண்டடி நீளம் வேணும்,
சாமான் ஒன்பதுக்குத்தான் காணும்.
கொஞ்சம் செங்குத்தாக்கி முடித்துவிடலாமே என்றேன்.
எனக்கு அறிக்கையில் 'பூர்த்தி' என்று எழுத வேண்டியிருந்தது.
அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.
"சரிவு பிழைச்சா புள்ள உருண்டிரும்.
உசரம் குறைஞ்சாக் குறையட்டும் மிஸ்.
சரிவு சரியா இரிக்கட்டும்."

மின்வெட்டுக்குள் வேலை நடந்தது.
நிஸன்சலா தொலைபேசி வெளிச்சம் பிடித்தாள்.
பின்வாங்குக்காரன் ஒருவன் தண்ணீர் வாளி சுமந்தான்.
ஸுமையா அவனோடு பேசவில்லை.
பேசு என்று நானும் சொல்லவில்லை.

ஒன்பது அடி.
வாசலுக்கு இன்னும் மூன்று அங்குலம்.

ஈரம் காய்ந்த ஐந்தாம் நாள்
பிரதாபன் தன் கையால் உருட்டி ஏறினான்.
சரிவு முடிகிற இடத்தில் பிறேக் போட்டான்.
வாசலில் நின்றவர்கள் பழக்கத்தில் குனிந்தார்கள்.
"கொஞ்சம் பொறுங்கடா."
அந்த மூன்று அங்குலத்தை உற்றுப் பார்த்து
நெடுநேரம் கோபமாக இருந்தான்.
ஆளோடு அல்ல, சீமெந்தோடு.
கோபம் அவனுக்கு எவ்வளவு வடிவாயிருந்தது.

பின்னேரம் என் நீடிப்புக் கடிதம் வந்தது:
மூன்று மாதம், அல்லது மறு அறிவித்தல் வரை.
பின்பக்கம் வெள்ளை.
கடதாசி கிடையாத காலம், வீணாக்கக் கூடாது.
மேலே மூன்று அங்குலப் பூச்சு,
கீழே மூன்று அடி நீட்டு,
சீமெந்து எத்தனை பை, மணல் எத்தனை தாச்சி
என்று எழுதிக்கொண்டு போனேன்.

நீட்டுகிற பக்கம் வாகை வேரொன்று குறுக்கே ஓடுகிறது.
வெட்டுவதா, வளைப்பதா?
மேசனைக் கேட்க வேண்டும்.